கோழி கொத்துவதெல்லாம் முட்டையில் சேரும்

வீட்டு முற்றத்தில் ஐந்தாறு கோழிகளை மேயவிட்டு வளர்ப்பவர்கள், தங்கள் வீட்டு முட்டையில் எந்தக் குறையும் இருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறார்கள். மஞ்சள் கரு செக்கச்செவேலென்று இருப்பதை அதற்குச் சான்றாகவும் காட்டுவார்கள். அந்த நிறம் கோழி தின்ற புல், கீரை, மஞ்சள் மக்காச்சோளம் ஆகியவற்றில் உள்ள நிறமிகளால் வருவது. ஓடு பழுப்பாக இருப்பதும் வெள்ளையாக இருப்பதும் கோழியின் இனத்தைப் பொறுத்தது. முட்டை பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு இவை இரண்டும் விடை சொல்வதில்லை. கோழி பகலெல்லாம் எந்த மண்ணைக் கிளறுகிறது, எங்கே முட்டையிடுகிறது, அண்மையில் அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற மூன்றையும்தான் கால்நடை மருத்துவராகிய நான் முதலில் கேட்பேன்.

“கோழி நன்றாகத்தான் மேய்கிறது டாக்டர், ஆனால் தோல்முட்டையாகவே இடுகிறது” என்ற முறையீடு அடிக்கடி வருவது. கெட்டியான ஓடில்லாமல் தோல்போன்ற உறையோடு வருவதே தோல்முட்டை. ஒரு முட்டையின் ஓடு முழுமையாக உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதற்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி, கோழி எதையும் தின்னாமல் அடைந்து கிடக்கும் இரவில் நடக்கிறது. ஆகவே கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ தூளாக்காமல் சிறு துணுக்குகளாக உடைத்து, மாலையில் ஒரு தட்டில் தனியாக வைப்பது நல்லது. துணுக்குகள் இரைப்பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும்; தூள் விரைவில் கடந்து போய்விடும். கடுங்கோடையில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, சுண்ணாம்புச்சத்து போதுமான அளவு இருந்தாலும் ஓடு மெலிந்துவிடும். அந்தப் பருவத்தில் நிழலும் குளிர்ந்த குடிநீரும் கிளிஞ்சலுக்கு நிகரானவை. வெள்ளைக்கழிச்சல் என்ற நச்சுயிர் நோய் கண்டு பிழைத்த கோழிகளும் கோணலான, மெல்லிய ஓடுள்ள முட்டைகளை இடலாம். அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி.

முட்டை கோழியின் உடலிலிருந்து வெளிவரும்போது அதன் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அது ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே வெளிக்காற்றை இழுக்கும். ஓட்டின்மேல் ஈரமும் எச்சமும் ஒட்டியிருந்தால் கிருமிகளும் கூடவே உள்ளே போகும். உலர்ந்த வைக்கோலோ உமியோ இட்ட கூட்டில் விழும் முட்டைக்கும், விறகுக் குவியலின் அடியில் ஈரமண்ணில் விழும் முட்டைக்கும் வேறுபாடு தொடங்குவது அந்த நேரத்தில்தான். அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவி வைப்பதைப் பலர் தூய்மை என்று கருதுகிறார்கள். உண்மையில் அது ஓட்டின்மேல் இயற்கையாகவே இருக்கும் காப்புப் படலத்தைக் கரைத்து, அதே உறிஞ்சலை மீண்டும் தூண்டிவிடுகிறது. லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால், முட்டையைவிடச் சற்று வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து, அன்றே வேகவைத்து உண்ண வேண்டும்.

சேவலோடு திரியும் பெட்டையின் முட்டையில் கரு கூடியிருக்கும். 20 டிகிரிக்குச் சற்று மேலேயே அந்தக் கரு மெல்ல வளரத் தொடங்கும். கோடையில் வெளியே வைத்த முட்டைகள் கூழ்முட்டையாவதற்கு இது முக்கியக் காரணம். ஒரு கோழி அடை உட்கார்ந்திருக்கும் கூட்டிலேயே மற்றவையும் முட்டையிட, நாலைந்து நாள் சூடேறிய முட்டையும் இன்று இட்டதும் ஒன்றாகக் கலந்துவிடுவது இதைவிட மோசம். அடைக்கு வைத்த முட்டைகளில் கரியால் குறியிட்டு, குறியில்லாதவற்றை அன்றன்றே எடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. சமையலுக்கு மட்டுமே முட்டை தேவைப்படுபவர்கள் சேவலைப் பிரித்துவிடலாம். சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். ஆனால் பிரித்த பின்னும் இரண்டு மூன்று வாரம் வரை கரு கூடிய முட்டைகள் வரலாம்.

ஐயமான முட்டையைச் சோதிக்க, கெட்டியான அட்டையில் முட்டையைவிடச் சிறிய துளையிட்டு, இருட்டறையில் கைப்பேசி விளக்கை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள். புதிய முட்டையின் மழுங்கிய முனையில் காற்றறை மிகச் சிறியதாகத் தெரியும். நாள்பட நாள்பட அது அகன்றுகொண்டே வரும். சிவந்த நரம்புகள் கிளைவிட்டிருந்தால் கரு வளர்ந்திருக்கிறது என்று பொருள். மஞ்சள் கருவில் தென்படும் ஒற்றை இரத்தப் புள்ளி தீங்கற்றது. அதற்காக முட்டையைக் கொட்ட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு அதிகக் கவலை தருவது, வேகவைத்தாலும் போகாத, எந்த விளக்குக்கும் தெரியாத நஞ்சுகள். குப்பையோடு நெகிழிப் பொருள்களை எரிக்கும்போது உண்டாகும் டையாக்சின்கள் சாம்பலோடு மண்ணில் தங்குகின்றன. அந்த மண்ணையும் அதிலுள்ள புழுக்களையும் கொத்தும் கோழியின் கொழுப்பில் அவை சேர்ந்து, மஞ்சள் கருவுக்கு வருகின்றன. பழைய மின்கலங்களை உடைத்த இடம், உரிந்து விழும் பழைய வண்ணப்பூச்சு ஆகியவற்றிலிருந்து ஈயமும் இவ்வாறே முட்டையை எட்டுகிறது. வளரும் குழந்தைகளின் மூளைக்கு அது கேடு. கூண்டிலேயே இருக்கும் கோழிக்கு இல்லாத இந்த ஆபத்து மேய்கிற கோழிக்கு உண்டு என்பதைச் சொன்னால், பலர் முகம் சுளிக்கிறார்கள். குப்பை எரிக்கும் மூலைக்கும் கோழிகளுக்கும் இடையே ஒரு வேலி கட்டாயம் வேண்டும்.

செள்ளும் உண்ணியும் பெருகும்போது, பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தையே இறகில் தூவும் பழக்கத்தையும் பார்க்கிறேன். 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் உள்ளிட்ட நாடுகளில், உண்ணியை ஒழிக்கக் கோழிப்பண்ணைகளில் தடையை மீறிப் பயன்படுத்தப்பட்ட பிப்ரோனில் என்ற பூச்சிமருந்து முட்டைகளில் கண்டறியப்பட்டு, அவை பெருமளவில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வீட்டுக் கோழியின் முட்டையை யாரும் அப்படிச் சோதிப்பதில்லை. உலர்ந்த மணலும் தூய விறகுச் சாம்பலும் நிரப்பிய தொட்டியில் கோழிகளைப் புரளவிடுவதும், பகலில் உண்ணிகள் ஒளிந்திருக்கும் கூட்டின் விரிசல்களில் கொதிநீர் ஊற்றுவதும் முதலில் செய்ய வேண்டியவை.

நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு மஞ்சள் கரு முழுதாக வளரப் பத்து நாள் அளவில் ஆகிறது. எனவே மருந்தை நிறுத்திய பிறகும், அந்நாள்களில் வளர்ந்துகொண்டிருந்த மஞ்சள் கருக்களில் அது எஞ்சியிருக்கும். எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள்; முட்டையிடும் கோழிக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றும் சிலவற்றில் இருக்கும். மீந்துபோன மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலப்பவர்களுக்கு அந்த உறை கையில் இருப்பதில்லை. மருந்து கொடுத்த கோழியின் காலில் ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டித் தனியே அடைத்துவையுங்கள். அந்தக் காலம் முடியும்வரை அது இடும் முட்டைகளை நாய்க்கும் பன்றிக்கும்கூடப் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.