கவுண்டி, மாவட்டம் அல்ல

'டேட்டன் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த குரங்கு வழக்கு' என்று இன்னொரு கட்டுரையிலும் படித்தாயிற்று. பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் மீது 1925இல் நடந்த வழக்கு அது. டேட்டன் மாவட்டமே அல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ரே கவுண்டியில் உள்ள சிற்றூர். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பிரிவு, அதைத்தான் தமிழில் மாவட்டம் என்று எழுதிவிடுகிறார்கள்.

கவுண்டியின் வேர் லத்தீன். 'கோமெஸ்' என்றால் உடன் செல்பவன். அரசனோடு சென்றவன் பிரபு ஆனான், அவன் ஆண்ட நிலம் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தில் கவுண்டி ஆனது. அங்கிருந்து சொல் மட்டும் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ரே கவுண்டி உருவானது 1807இல்.

சரி, மாவட்டம் என்றால் என்ன குறை? அந்தச் சொல்லே வட்டத்தை வைத்துப் பிறந்தது. பல வட்டங்கள் சேர்ந்தால் மாவட்டம். ரே கவுண்டியில் எந்த வட்டம் இருக்கிறது? அங்கே இன்றைக்கும் மொத்த மக்கள் சுமார் 33,000 பேர்தான், நம்மூரில் ஒரு வட்டத்துக்கே அது காணாது. மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஞாபகம் வரும், மேலிருந்து நியமிக்கப்படுபவர். கவுண்டியிலோ காவல் தலைவரான ஷெரீப்பையே மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரைச் சப்டைட்டிலில் 'மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்' ஆக்குபவர்களை என்ன சொல்ல!

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. மாவட்டம் என்று சொல்லத்தக்க டிஸ்ட்ரிக்ட் அமெரிக்காவிலேயே தனியாக இருக்கிறது. கூட்டாட்சி நீதிமன்றங்களுக்காக டென்னசியைக் கிழக்கு, நடு, மேற்கு என மூன்று டிஸ்ட்ரிக்ட்டாகப் பிரித்திருக்கிறார்கள். கவுண்டிக்கு மாவட்டத்தைக் கொடுத்துவிட்டால் இவற்றுக்கு எதைக் கொடுப்பது? ஸ்கோப்ஸ் வழக்கு நடந்தது மாநிலத்தின் சர்க்கியூட் நீதிமன்றத்தில். 'மாவட்ட நீதிமன்றம்' என்று எழுதினால் வழக்கே வேறு நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'கோட்டம்' என்பார்கள். தொண்டைமண்டலத்துப் பழஞ்சொல், அழகுதான். ஆனால் இன்று வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம் என்று அதற்கு வேலை அதிகம். கவுண்டி என்றே எழுதலாம். தாலுகா, ஜில்லாவோடு நெடுங்காலம் வாழ்ந்த தமிழுக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது.

நீதிமன்றக் கட்டடத்தைக் குறிக்கும் கோர்ட்ஹவுஸ் என்பதை வெறும் 'நீதிமன்றம்' என்பதும் போதாது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் பத்திரப்பதிவு, வரி, திருமண உரிமம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் நடந்துவந்தன. டேட்டனில் 1891இல் எழுந்த செங்கல் கட்டடம் மணிக்கூண்டோடு இன்றும் நிற்கிறது. வழக்கின்போது கூட்டத்தின் பாரத்தில் தளம் இடிந்துவிடுமோ என்று அஞ்சி, நீதிபதி ரால்ஸ்டன் விசாரணையை வெளியே புல்வெளிக்கு மாற்றினார். ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் டாரோ, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிரையனையே சாட்சியாக்கிக் குறுக்குக் கேள்வி கேட்டது அந்தப் புல்வெளியில்தான். அன்று நீதிமன்றம் வெளியே வந்தது, நீதிமன்றக் கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுபவர் இந்தக் காட்சியை எப்படித் தமிழில் சொல்வார்?

அப்புறம், 'ரியா கவுண்டி' என்றும் எழுதாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் ரே என்றுதான் சொல்கிறார்கள்.