ஒரே மலை, ஆளுக்கொரு குளிர்

குளிர்காலத்தில் குடும்பத்தோடு மலையேறும்போது அடிக்கடி பார்க்கிற காட்சி இது. அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்வை. ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறார். அவர் முதுகில், தூக்குப்பையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கோ விரல்கள் சில்லிட்டுப் போயிருக்கின்றன. இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. வீசும் காற்றும் ஒன்றுதான். பிறகு ஏன் இப்படி?

தசைகள் வேலை செய்யும்போது, செலவாகும் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். மேட்டில் ஏறும்போது இது நான்கைந்து மடங்காகும். அப்பா அப்படிக் கனன்றுகொண்டிருக்க, குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு உடம்பும் சின்னது. வெந்நீரைக் குடத்திலும் டம்ளரிலும் ஊற்றி வைத்தால் எது முதலில் ஆறும்? டம்ளர்தான். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். வெப்பம் தப்பிக்க அத்தனை வழி.

இப்போது மலைக்கு வருவோம். உயரம் ஏற ஏற, சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தில் 12 டிகிரி என்றால், 800 மீட்டர் ஏறியதும் சுமார் 7 டிகிரி. அதோடு முடிவதில்லை. மலைமேட்டைத் தாண்டும் காற்று நெருக்கப்பட்டு அங்கே வேகமெடுக்கிறது. நம் தோலை ஒட்டி உடம்புச் சூட்டில் கதகதப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். உடம்பு மறுபடி புதிய காற்றைச் சூடாக்க வேண்டும்.

இதை முதலில் அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர். 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில், ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கணக்கெடுத்தார்கள். பின்னால் திருத்தப்பட்ட இன்றைய சூத்திரப்படி, 7 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது 3 டிகிரி போலத்தான் படும். வண்டியை நிறுத்திய இடத்துக்கும் மேட்டுக்கும் 9 டிகிரி வித்தியாசம்! கீழே இதமாக இருக்கிறதே என்று உடையைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான் ஏமாற்றிவிடுகிறது.

வானிலை ஏன் சட்டென்று மாறுகிறது என்றால், மலையே மேகத்தை உண்டாக்கும். சரிவில் மோதும் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மேலே அழுத்தம் குறைவு; காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஈரம் துளிகளாகிவிடுகிறது. கீழிருந்து வரும் காற்றில் ஈரப்பதம் கொஞ்சம் கூடினால் போதும், மேகம் இன்னும் தாழ்வாகவே உருவாகும். ஐந்து நிமிடம் முன்பு தெரிந்த பாதை அப்படித்தான் மறைகிறது.

எனக்கு மிகவும் பயம் தருவது ஈரம்தான். அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அப்புறம் ஆவியாதல் வேறு. அப்பாவின் பருத்திச் சட்டையில் 100 கிராம் வியர்வை ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காய்வதற்கான வெப்பம் முழுக்க அவர் உடம்பிலிருந்தே போனால், ஓய்வில் இருக்கும் உடம்பு 40 நிமிடங்களில் உண்டாக்கும் வெப்பம் அதற்கே சரியாகப் போய்விடும். இவ்வளவு நேரம் வியர்த்தவர் உட்கார்ந்த சில நிமிடங்களில் நடுங்குவது இதனால்தான். ஏறும்போது ஒரு அடுக்கைக் கழற்றி வியர்வையைக் குறைப்பதும், நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, அதைப் போட்டுக்கொள்வதும் சரியான பழக்கம். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், பருத்தி காக்காது.

தாத்தா பாட்டியைத் தனியாகக் கவனியுங்கள். வயதானால் தோலின் ரத்தக்குழாய்கள் முன்போல் சுருங்குவதில்லை, நடுக்கமும் குறைவு, குளிரை உணரும் திறனும் மங்கிவிடும். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல, உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம்.

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. பேச்சுக் குழறும், கால் தடுமாறும், ஜிப்பை இழுக்க விரல் ஒத்துழைக்காது. கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். சூடேறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் அது அவசரநிலை. உடனே உதவிக்கு அழையுங்கள்.

குழந்தையின் கையைத் தொட்டு மட்டும் முடிவு செய்ய வேண்டாம். உள்ளுறுப்புகளைக் காக்க உடம்பு முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். அதனால் கை எப்படியும் சில்லென்றுதான் இருக்கும். சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டுப் பிடரியைத் தொடுங்கள். அங்கேயும் குளிர்ந்திருந்தால், ஈர உடையை மாற்றி, இன்னொரு அடுக்கு போட்டு, சாப்பிட ஏதாவது கொடுத்து, வந்த வழியே இறங்கிவிடுங்கள்.