மக்கிப்போகிற குப்பைதானே?

காட்டுக்குள் போகும் சாலையில், ஓடும் வண்டியிலிருந்து வாழைப்பழத் தோலை வீசுகிறவருக்குப் பெரிதாக உறுத்தல் இருப்பதில்லை. பிளாஸ்டிக் என்றால் தப்பு, தோல் மக்கிவிடும், மண்ணுக்கு உரம், போனால் போகிறது ஒரு குரங்கு சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும்கூட.

அந்த உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடலாம். மழைக்காட்டைப் போல வேகமாக எதையும் மக்கவைக்கும் இடங்கள் நிலத்தில் மிகக் குறைவு. குளிர்நாட்டு ஊசியிலைக் காட்டில் உதிர்ந்த இலை பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். வெப்பமண்டல மழைக்காட்டில் பெரும்பாலான இலைகள் ஓராண்டுக்குள் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஈரமான இலைக்குப்பையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருக்கும். அது பூஞ்சை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைப்பதில் அதற்கு நிகர் இல்லை. விழுந்த கட்டையைக் கறையான் பார்த்துக்கொள்ளும். விலங்கின் சாணம் தரையில் விழுந்த சில நிமிடங்களில் சாணி வண்டுகள் வந்து இறங்கும். உருட்டிக்கொண்டு போய்ப் புதைக்கும். சாணத்தில் இருக்கும் விதையும் சேர்ந்து புதைபடும். இப்படி வெளியாகும் சத்தை மண்ணின் மேலடுக்கிலேயே பின்னிக்கிடக்கும் வேர்கள் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கின்றன. பல மழைக்காடுகளில் மண் ஏழை. சத்தில் பெரும்பகுதி மரங்களில்தான் இருக்கிறது. தன் குப்பையைத் தானே கூட்டிக்கொள்ளும் காடு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் சாலையோரத்தில் விழும் வாழைப்பழத் தோல் பெரும்பாலும் பூஞ்சையிடம் போய்ச் சேர்வதில்லை. அதற்கு முன்பே வேறு யாராவது எடுத்துக்கொள்கிறார்கள்.

குரங்கின் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டுப் பழத்தில் நார் அதிகம், விதை பெரிது, சதை கொஞ்சம். ஒரு மரம் பழுத்திருந்தால் அடுத்தது எங்கேயோ தள்ளி நிற்கும். நாளின் பெரும்பகுதி தேடுவதிலும் நடப்பதிலும் போகிறது. நாம் பயிரிடும் பழங்களோ, தலைமுறை தலைமுறையாக இனிப்பைக் கூட்டி, விதையைக் குறைத்து, தோலை மெலிதாக்கி உருவாக்கியவை. ஒரு ரொட்டித் துண்டில் கிடைக்கும் ஆற்றலுக்குக் காட்டில் நெடுநேரம் அலைய வேண்டும். எந்த விலங்கும் குறைந்த உழைப்பில் அதிக ஆற்றல் கிடைக்கும் பக்கம்தான் திரும்பும்.

இனிப்பை விடப் பெரிய ஈர்ப்பு ஒன்று உண்டு. உப்பு. இதை யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஓயாத மழை மண்ணிலிருக்கும் சோடியத்தை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. செடிகளுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை என்பதால் இலைகளிலும் குறைவு. ஆனால் நரம்பும் தசையும் உள்ள எந்த உயிருக்கும் சோடியம் இல்லாமல் ஆகாது. அதனால்தான் மேற்கு அமேசானில் பஞ்சவர்ணக் கிளிகள் களிமண் சரிவுகளைக் கொத்தித் தின்கின்றன. வண்ணத்துப்பூச்சிகள் ஆற்று ஆமைகளின் கண்ணீரை உறிஞ்சுகின்றன. எறும்புகளை வைத்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள எறும்புகள், சர்க்கரைக் கரைசலைவிட உப்புக் கரைசலையே அதிகம் தேடி வந்தன. கடல் காற்று கொண்டுவரும் உப்பு அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பாதியில் போட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் தூளுக்காகவே பாக்கெட்டோடு விழுங்கும் விலங்குகள் உண்டு.

சரி, தின்றுவிட்டுப் போகட்டுமே என்றால், அது போவதில்லை. சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. சோலைமந்தியை எடுத்துக்கொள்வோம். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் ஆபத்தில் உள்ள இனம். மரத்தை விட்டு அதிகம் கீழே இறங்காத விலங்கு இது. காட்டுப் பழங்களைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு கிளை கிளையாகப் போய், தின்ற இடத்திலிருந்து தள்ளி விதையைத் துப்பும். வெப்பமண்டலக் காடுகளில் பாதியிலிருந்து தொண்ணூறு சதவீதம் வரையிலான மர இனங்கள் விதை பரப்ப இப்படி ஏதாவது ஒரு விலங்கையோ பறவையையோ நம்பியிருக்கின்றன. அந்த மந்தி தார்ச்சாலையில் இறங்கி உட்காரும்போது இரண்டு நஷ்டம். வண்டியில் அடிபடுவது கண்ணுக்குத் தெரிகிறது. அது போகாமல் விட்ட மரங்களின் விதை தாய்மரத்தடியிலேயே விழுந்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இரையாவது யார் கண்ணிலும் படுவதில்லை.

சாலைக்கும் சிற்றாற்றுக்கும் மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டும் வேலை பல நாடுகளில் நடக்கிறது. போர்னியோவின் கினபதாங்கன் ஆற்றுப் பகுதியில் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி ஓராங்குட்டான்களுக்குப் பாலம் போட்டார்கள். வால்பாறையில் சோலைமந்திகளுக்கும் இப்படிப் பாலங்கள் உண்டு. நல்ல வேலைதான். ஆனால் மேலே பாலமும் கீழே தீனியும் இருந்தால் குரங்கு எந்தப் பக்கம் போகும்?

இதுவரை சொன்னது தின்கிற விலங்குக்கு வரும் கெடுதல். ஒரு பருக்கைகூடத் தின்னாத உயிருக்கும் இதே குப்பை எமனாகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காட்டிலிருந்து ஒரு கதை. வெப்பமண்டலக் காடு அல்ல, கடல் மூடுபனியில் வளரும் குளிர்ந்த காடு. ஆனால் விஷயம் எந்தக் காட்டுக்கும் பொருந்தும்.

மார்பிள்டு மர்லெட் என்று ஒரு கடற்பறவை. மீன் பிடித்து வாழ்வது கடலில். முட்டையிட மட்டும் பல கிலோமீட்டர் உள்ளே பறந்து வந்து, பழைய பெருமரத்தின் உச்சிக் கிளையில் பாசி மெத்தையாகப் படர்ந்த இடம் பார்த்து, ஒரே ஒரு முட்டை இடும். கூடு என்று எதையும் கட்டாது. அது எங்கே முட்டையிடுகிறது என்பதே வெகுகாலம் புதிராக இருந்தது; 1974-இல் பிக் பேசின் பூங்காவில் மரமேறி ஒருவர்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். மறைவிடத்தை நம்பி வாழும் பறவை இது. முகாம் போடும் பயணிகள் சிந்தும் ரொட்டித் தூளுக்கும் வறுத்த கடலைக்கும் ஸ்டெல்லர் ஜே என்ற காக்கைக் குடும்பப் பறவைகள் கூட்டமாகச் சேர்ந்தன. தீனி அதிகமானதால் குஞ்சுகளும் அதிகமாயின. முகாமைச் சுற்றியுள்ள மரங்களில் சாதாரணமாக இருப்பதைவிடப் பல மடங்கு ஜே பறவைகள் திரிந்தால், பாசியில் கிடக்கும் அந்த ஒற்றை முட்டை எத்தனை நாள் தப்பும்? பூங்காவினர் கடைசியில் இரண்டு வழிகளைக் கையில் எடுத்தார்கள். ஒன்று, மேசையில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கக் கூடாது என்று பயணிகளைப் பழக்குவது. இன்னொன்று கொஞ்சம் குறும்பானது: கோழி முட்டைக்கு மர்லெட் முட்டை போல வண்ணம் பூசி, உள்ளே வாந்தி வரவைக்கும் மருந்தை ஏற்றி, மரங்களில் வைத்தார்கள். தின்ற ஜே அந்த நிற முட்டையை மறுபடி தொடத் தயங்கியது.

இதற்கு நேரெதிரான ஓர் உதாரணமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே பகுதியில் 1990-களில் ஒரு ஜூஸ் நிறுவனத்தின் ஆரஞ்சுத் தோலும் சக்கையும் ஆயிரம் லாரிக்கு மேல் கொண்டுவந்து கொட்டப்பட்டன. ஏறக்குறைய 12,000 டன். பதினாறு ஆண்டுகள் கழித்துப் போய் அளந்தபோது, தோல் கொட்டிய இடத்தில் மரங்களின் உயிர்த்திரள் (தரைக்கு மேல் உள்ள மொத்த எடை), பக்கத்தில் கொட்டாமல் விட்ட இடத்தைவிட 176 சதவீதம் அதிகம். அப்படியானால் தோல் வீசுவது நல்லதுதானே? அங்கே கொட்டியது காட்டில் அல்ல. மாடு மேய்ந்து கெட்டிப்பட்டு, அயல்நாட்டுப் புல் மட்டும் மண்டிக்கிடந்த நிலத்தில். தடிமனாகக் குவிந்த தோல் புல்லை மூச்சுத் திணறவைத்துச் சத்தை மண்ணுக்கு இறக்கியது. உயிரோடு இருக்கும் காட்டுக்கு அந்த உதவி தேவையே இல்லை. அதன் சத்துச் சுழற்சி ஏற்கனவே கச்சிதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மக்காத குப்பையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். பாலிஎத்திலீன் சங்கிலியை வெட்டும் நொதிகள் காட்டு நுண்ணுயிர்களிடம் அநேகமாக இல்லை. இலையைத் தின்று தீர்க்கும் அதே பூஞ்சை பாலித்தீன் பை மேல் படர்ந்து ஒன்றும் செய்யாமல் கிடக்கும். அசைபோடும் விலங்கின் வயிற்றில் அது இன்னும் மோசம். முதல் இரைப்பையிலிருந்து அடுத்ததற்கு, நன்றாகப் பொடிந்த தீனி மட்டுமே நகரும். பை நகராது, அங்கேயே சேர்ந்துகொண்டே போகும். 2019-இல் தாய்லாந்தின் குன் சதான் தேசியப் பூங்காவில் இறந்து கிடந்த ஒரு மானின் வயிற்றில் ஏழு கிலோ கழிவு இருந்தது. காபித் தூள் பாக்கெட், நூடுல்ஸ் உறை, பிளாஸ்டிக் கயிறு எல்லாம்.

சரிந்து கிடக்கும் பாட்டிலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லியாக வேண்டும். கழுத்து மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் உள்ளே வழவழப்பான சரிவு. மிச்சமிருக்கும் இனிப்பு வாசனைக்கு ஒரு வண்டு நுழைகிறது, ஏற முடியாமல் சாகிறது. பிணவாடைக்குப் பிணந்தின்னி வண்டுகள் வருகின்றன, அவையும் சாகின்றன. அவற்றைத் தின்ன மூஞ்சூறு வருகிறது. ஒரு பாட்டில் தானாகவே இரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இயங்கும் பொறியாகிவிடுகிறது.

அப்புறம், கண்ணுக்கே தெரியாத குப்பைகள். ஓடையில் சோப்பு போட்டுக் குளித்தால் நீரின் பரப்பு இழுவிசை குறையும். அந்த இழுவிசையின் மேல் நடந்து திரியும் நீர்தாண்டிப் பூச்சியின் கால் உள்ளே இறங்கிவிடும். தோலால் மூச்சு விடும் தவளைக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. நியூசிலாந்தில் கௌரி என்ற பெருமரங்களைக் கொல்லும் ஒரு நுண்ணுயிரி, நடைப்பயணிகளின் காலணியில் ஒட்டிய மண்ணோடு பரவுகிறது. குண்டூசித் தலையளவு மண் போதும். குணப்படுத்த மருந்து இல்லாததால், 2018-இல் ஆக்லாந்து நகரத்தை ஒட்டிய வைடாக்கெரே மலைக்காட்டின் பெரும்பகுதியை மூடினார்கள். மற்றக் காட்டுப் பாதைகளின் வாசலில் தூரிகையும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். அங்கே சுத்தம் என்பது காலணியின் அடிப்பாகத்திலிருந்து தொடங்குகிறது.

நம் சளியும் இதே கணக்கில்தான் வரும். ஐவரி கோஸ்ட்டின் டாய் (Taï) தேசியப் பூங்காவில் சிம்பன்சிகள் மூச்சுத்திணறிச் செத்ததற்குக் காரணம் மனிதர்களிடமிருந்து தொற்றிய சாதாரணச் சுவாச வைரஸ்கள் என்று 2008-இல் உறுதியானது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆய்வாளர்களும் பயணிகளும் வந்துபோகும் பகுதியில் வேட்டைக்காரர்கள் ஒதுங்கியதால் அங்கேதான் சிம்பன்சிகள் அதிகம். ஆட்களே போகக் கூடாது என்று காட்டைப் பூட்டுவதும் தீர்வல்ல. அதனால்தான் மனிதக் குரங்குகளிடமிருந்து குறைந்தது ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், காய்ச்சல் உள்ளவர் வரக் கூடாது என்ற விதிகள் வந்தன.

அப்படியானால் எது வேலை செய்கிறது? பலரும் முதலில் சொல்வது, நிறையக் குப்பைத்தொட்டி வையுங்கள் என்பதுதான். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. காட்டுக்குள் நிரம்பி வழியும் தொட்டி என்பது வேளா வேளைக்கு நிரப்பப்படும் தீவனத் தொட்டி. கரடிக்காக வடிவமைத்த தொட்டிகளில், தாழ்ப்பாள் ஒரு குடுவைக்குள் ஒளிந்திருக்கும். கரடியின் பாதம் நுழையாது, மனிதக் கை நுழையும். குரங்குக்கு நம்மைப் போலவே விரல்கள் இருக்கின்றனவே! அதனால் மழைக்காடுகளில் இன்னும் எளிய வழி, உணவையே உள்ளே விடாமல் இருப்பது. கோஸ்டா ரிக்காவின் மனுவேல் அந்தோனியோ பூங்காவில் கப்புச்சின் குரங்குகள் பைகளைப் பறிக்கும் அளவுக்குப் போன பிறகு, வாசலிலேயே பையைத் திறந்து பார்த்துச் சாப்பாட்டைத் தடுக்கிறார்கள். தொட்டியே இல்லாமல், கொண்டுவந்ததைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லும் பூங்காக்களும் உண்டு. கேட்டால் எரிச்சலாக இருக்கும், ஆனால் குப்பை வண்டி தினமும் காட்டுக்குள் போய்வர வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

திருப்பிக்கொண்டு போகாதவர்களுக்குத் தாய்லாந்தின் காவ் யாய் பூங்கா 2020-இல் ஒரு வழி கண்டுபிடித்தது. அங்கே கூடாரம் போடுகிறவர்கள் நுழையும்போதே முகவரி எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பையைக் கூடாரத்தோடு விட்டுவிட்டுப் போனவர்களுக்கு அந்தக் காலி பாட்டில்களையும் பாக்கெட்டுகளையும் பெட்டியில் போட்டு, உங்கள் பொருள்களை மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்று ஒரு சீட்டும் வைத்து, வீட்டுக்கே தபாலில் அனுப்பிவிட்டார்கள். கூடவே காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார்கள்.