பௌலிங் பந்தில் பெரிய ஓட்டையைத் தேடாதீர்கள்

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடிவிட்டு, கட்டைவிரல் மரத்துப்போய் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம், "எந்தப் பந்தை எடுத்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "விரல் லூசா போய் வர்ற பந்து." சென்ற வாரமும் அதையேதான் கேட்டேன். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அலுவலகப் போட்டிக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண். சிறிய உடல்வாகு. தூக்கி வீசியதோ 13 பவுண்டு பந்து, கிட்டத்தட்ட ஆறு கிலோ. "விரல் உள்ளே மாட்டிக்கிட்டா கையே போயிடும்னு சொன்னாங்கக்கா. அதான் பெரிய ஓட்டையா பார்த்து எடுத்தேன்" என்றார்.

கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் கணுவின் முதுகுப் பக்கம் தோல் தடித்துக் காய்த்திருந்தது. ஆள்காட்டி விரலைப் பார்த்திருக்கும் பக்கத்தில், விரலின் அடியில் லேசாகத் தட்டியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கரண்ட் அடித்ததுபோல் விரல் நுனிவரை சுள்ளென்று ஓடியதாம். பந்துவீச்சாளர் கட்டைவிரல் என்று கைமருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. விரலின் அந்தப் பக்கமாக ஓடும் மெல்லிய நரம்பு, ஓட்டையின் விளிம்பில் திரும்பத் திரும்ப நசுங்குவதால் வருவது. இதை மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்று நினைத்து மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மணிக்கட்டுப் பிரச்சினை என்றால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து மரத்துப்போவதுதான் வழக்கம். இதில் கட்டைவிரலின் ஒரு பக்கம் மட்டும்தான்.

இந்தப் 'பெரிய ஓட்டை' நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஓட்டை தளர்வாக இருந்தால் பந்து தானாகக் கையில் நிற்காது. நழுவிவிடும் என்று கைக்குத் தெரியும். உங்களைக் கேட்காமலே கட்டைவிரல் உள்ளுக்குள் மடங்கிக் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். மடங்கிய கணு ஓட்டையின் ஒரு சுவரில் உரசும், விரலின் அடி எதிர்ப்பக்க விளிம்பில் அழுந்தும். அத்தனை கிலோவும் அந்த இரண்டு இடத்தில் தொங்கும். கை பின்னால் போகும்போது இறுக்கம் இன்னும் கூடும், முன்கைத் தசை முழுவதும் விறைக்கும். முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்று வருகிறவர்களில் பலருக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது. விடும்போதோ, மடங்கிய விரல் நேராக வெளியே வர முடியாமல் தடுக்கும். மாட்டிக்கொள்ளும் என்று பயந்து தளர்வான பந்தை எடுத்தால், மாட்டிக்கொள்வதற்கான வழியைத்தான் செய்கிறீர்கள். சரியான அளவில் உள்ள ஓட்டையில் விரல் நீட்டியபடியே இருக்கும், நீட்டியபடியே வெளியே வரும்.

சரி, அப்படியானால் எப்படி எடுப்பது? பந்துகளை அடுக்கி வைத்திருக்கும் ரேக்கின் முன்னால் நின்று எடையைப் பார்க்காதீர்கள், கட்டைவிரல் ஓட்டையைப் பாருங்கள். விரலை அடிவரை விடுங்கள். உள்ளே வைத்துத் திருப்பினால் சுற்றிலும் தோல் லேசாக உரச வேண்டும், ஆனால் எங்கும் பிடிக்கக் கூடாது. இழுக்கும்போது 'ப்ளக்' என்று சத்தம் வந்தால் இறுக்கம். பிறகு கட்டைவிரலை உள்ளேயே வைத்துக்கொண்டு, நடுவிரலையும் மோதிர விரலையும் அவற்றின் ஓட்டைகளுக்கு மேல் படிய வையுங்கள். உள்ளே விடாதீர்கள், மேலே வையுங்கள். விரல் நுனியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் மடிப்புக் கோடு, ஓட்டையின் உள்விளிம்பைக் கால் அங்குலம் போலத் தாண்டி விழ வேண்டும். கட்டைவிரல் ஓட்டைக்கும் விரல் ஓட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் பௌலிங்காரர்கள் ஸ்பான் என்கிறார்கள். நீளமாக இருந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தசை இழுத்துக் கிழிவதுபோல் வலிக்கும். குட்டையாக இருந்தால் உள்ளங்கை பந்தைத் தொடாமல் விலகி, விரல்கள் மறுபடியும் மடங்கிப் பிடிக்கும்.

எடை கடைசி. 'உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு' என்ற கணக்கைப் புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 70 கிலோ ஆளுக்கு அது 15 பவுண்டு என்று சொல்லும். விதிப்படி பந்தின் உச்ச எடையே 16 பவுண்டுதான்!

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அது உங்கள் குற்றமல்ல. பௌலிங் மையங்களில் எல்லோரும் எடுத்து ஆட வைத்திருக்கும் பொதுப் பந்துகளில், அதாவது ஹவுஸ் பால்களில், எடை கூடக் கூட ஓட்டையும் பெரிதாகும், ஸ்பானும் நீளும். லேசான பந்து வேண்டுபவருக்குக் கையும் சிறியதாக இருக்கும் என்ற அனுமானம். ஒல்லியான உடம்பில் தடித்த கட்டைவிரல் உள்ளவர், மெல்லிய விரல்களுள்ள பலசாலி, இவர்களுக்கு ரேக்கில் எதுவுமே சரியாக அமையாது. மாதம் ஒருமுறை விளையாட்டாகப் போகிறவர் இருப்பதில் ஓரளவு பொருந்துவதை எடுத்துக்கொண்டு, இரண்டு கேமோடு நிறுத்திக்கொள்ளலாம். வாராவாரம் போகத் தொடங்கிவிட்டால் லேசான பிளாஸ்டிக் பந்து ஒன்றை வாங்கி, பௌலிங் சாமான்கள் விற்கும் ப்ரோ ஷாப்பில் கையை அளந்து துளை போட்டுக்கொள்ளுங்கள். விளிம்பை மழுங்கத் தேய்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது, ஆட ஆட வீங்கவும் செய்யும். அதனால் ஓட்டையைச் சற்று தாராளமாகப் போட்டு, உள்ளே டேப் ஒட்டி, தேவைப்படும்போது ஓர் அடுக்கைப் பிரித்தெடுப்பதுதான் நல்ல வழி.

துளை போடுகிறவர், "கன்வென்ஷனலா, ஃபிங்கர்டிப்பா?" என்று கேட்பார். முதலாவதில் இரண்டு விரல்களும் இரண்டாம் கணுவரை உள்ளே போகும். பிடி உறுதி, புதியவருக்கு ஏற்றது. ஃபிங்கர்டிப்பில் முதல் கணுவரைதான். கட்டைவிரல் முந்தி வெளியேறி, விரல்கள் பந்தைச் சுழற்றிவிடும். பந்தை வளைந்து போகச் செய்யும் ஹூக் போட ஆசைப்படுகிறவர்கள் நாளைக்கு அங்கேதான் போவார்கள், தவறில்லை. நடை சீராகட்டும், கை தளர்ந்து ஆடப் பழகட்டும், பிறகு போகலாம். இரண்டுக்கும் நடுவில் விரலை நிறுத்தும் செமி ஃபிங்கர்டிப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் கணுவே அங்கு அடையாளமாக இல்லை. ஒவ்வொரு முறையும் ஆழம் மாறும்.

ஹவுஸ் பாலில் விரல் நுனியை மட்டும் நுழைத்து ஃபிங்கர்டிப் பந்தைப்போல வீசிப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். அந்தப் பந்தின் ஸ்பான் அதற்காக அளந்ததல்ல. மொத்த எடையும் விரல் நுனியை மடக்கும் தசைநாண்களில் இறங்கும். ஆஸ்திரேலிய பௌலிங் வீரர் ஜேசன் பெல்மான்டியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலே இல்லாமல் இரண்டு கையால் வீசும் பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் தப்பித்துவிடும், முதுகும் முழங்காலும் தப்பாது. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் மட்டும் அப்படி ஆட விடுங்கள். வளரும் பிள்ளைகளின் பந்தை அவ்வப்போது அளந்து பாருங்கள். கை வளர்ந்துவிட்டால் பழைய ஓட்டையை அடைத்துப் புதிதாகத் துளைக்க முடியும், புதுப் பந்து வாங்க வேண்டியதில்லை.

ஆடும்போது கட்டைவிரல் மரத்துப்போனால் அந்த கேமை அங்கேயே நிறுத்துங்கள். மறுநாள் காலையிலும் மரப்பு இருந்தாலோ, விரலின் அடியில் சின்னக் கட்டிபோல் நெருடினாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். தொடக்கத்தில் வந்தால் ஓய்வும், விரலுக்கு ஒரு காப்புறையும், ஓட்டையை மாற்றித் துளைப்பதுமே பெரும்பாலும் போதும். நரம்பைச் சுற்றித் தழும்பு கட்டிய பிறகு வந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணும், "போட்டி முடியட்டும்க்கா, அப்புறம் ஓய்வு எடுக்கிறேன்" என்றுதான் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வரும்போது அந்தப் பந்தின் எடையைக் குறித்துக்கொண்டு வாருங்கள், சொந்தப் பந்தானால் பந்தையே கொண்டு வாருங்கள். கையை மட்டும் பார்த்துப் பாதிதான் சொல்ல முடியும்.