அப்பாவின் பழைய மாருதியை ஓட்டும் முன்

சென்ற மாதம் ஒருவர் தன் தந்தையின் 1985-ஆம் ஆண்டு மாருதி 800-ஐப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆறு மாதம் ஷெட்டில் நின்ற வண்டி. "ஸ்டார்ட் ஆகிறது, பெட்ரோல் வாடைதான் கொஞ்சம் வருகிறது" என்றார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸை இரு விரலால் அமுக்கிப் பார்த்தேன். நெடுக வெடித்திருந்தது, விரலில் கரி ஒட்டியது. கிளிப் போட்டிருந்த இடத்தில் ஈரம் கசிந்திருந்தது. சூடான எஞ்சின் பக்கத்தில் அந்தக் கசிவோடுதான் அவர் ஓட்டிவந்திருக்கிறார்.

வண்டியின் மீது குற்றமில்லை. அது பிறந்த காலம் வேறு. ஜப்பானில் 'கேய்' என்னும் குட்டிக் கார்களுக்குத் தனி விதிகள் உண்டு. 1976-இல் அவற்றின் எஞ்சின் வரம்பு 360 சிசியிலிருந்து 550 சிசியாக உயர்ந்தது. 1979-இல் சுஸுகி, ஆல்டோவை 4,70,000 யென்னுக்குக் கொண்டுவந்தது. பயணிகள் காருக்கான வரி விழாதிருக்க அதைச் சரக்கு வண்டி வகையில் சேர்த்துவிட்டார்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பளிக்கும் சாமர்த்தியம் அது! அதன் உடன்பிறப்பான ஃபிரான்டேவின் உடலில் 796 சிசி எஞ்சினை வைத்த எஸ்எஸ்80-தான் நம் முதல் மாருதி. 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 1986-இல் உருவம் மாறிவிட்டதால், அந்தப் பழைய வடிவம் இன்று அரிது.

அந்த வண்டியின் ரப்பர் பாகங்கள் வெறும் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பதில் 20 விழுக்காடு வரை எத்தனால். அது பழைய ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும், பிறகு வெடிக்கவைக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நின்றே கிடக்கும் வண்டியின் இரும்பு டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும்.

ஆகவே பாலிஷ் போடுவதற்கு முன்னால் ஓஸ்களை மாற்றுங்கள். கார்பரேட்டருக்குப் போவதை மட்டும் மாற்றிவிட்டு, டேங்குக்குத் திரும்பும் ஓஸை விட்டுவிடுகிறவர்கள் பலர். இரண்டையும், எத்தனால் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வையும் பார்க்கச் சொல்லுங்கள். வாடை வந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள்.

அந்த 1985 வண்டியின் டேங்கைக் கழற்றி, கிடந்ததைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தேன். பெட்ரோலுக்கு அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் செம்பழுப்புத் தண்ணீர் தனியாக நின்றது. அவரை அழைத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.