ரோமின் வசந்தம் ஏன் கசக்கிறது?

ஏப்ரல் மாதம் ரோம் நகரத்துக் காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். கடைக்காரர் ஒரு கையில் பச்சையும் ஊதாவும் கலந்த உருண்டை மொட்டு ஒன்றைப் பிடித்திருப்பார். மறு கையில் சின்னக் கத்தி. மொட்டைச் சுழற்றச் சுழற்ற வெளி மடல்கள் சீவல் சீவலாகக் காலடியில் விழும். பாதியாக இளைத்த மொட்டைப் பக்கத்திலிருக்கும் தண்ணீர் வாளிக்குள் போடுவார். வாளியில் பிழிந்த எலுமிச்சை மூடிகள் மிதக்கும்.

அந்த மொட்டுதான் ஆர்டிசோக். இத்தாலியர்கள் கார்ச்சோஃபோ என்பார்கள்; அரபு மொழியிலிருந்து வந்த பெயர். பக்கத்துத் தட்டில், பனிக்காலம் முழுக்க விற்று இப்போது முடியும் தறுவாயில் இருக்கும் புந்தரெல்லே என்ற சிக்கரித் தண்டு. அதையடுத்து, நம் மொச்சையைவிடப் பருத்து நீண்ட ஃபாவா அவரைக் காய்கள். ரோமைச் சுற்றியுள்ள லாட்சியோ மாநிலத்தில் வசந்தகாலச் சாப்பாடு என்றால் இந்த மூன்றும் இல்லாமல் இருக்காது. மூன்றிலும் கசப்பு உண்டு, ஒன்றில் சிலருக்கு மட்டும் விஷமும் உண்டு. இளசான மொட்டும் தண்டும் பிஞ்சும் இனிக்கத்தானே வேண்டும்? இந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது, அந்த ஊர்ச் சமையல் அதை எப்படி அடக்குகிறது என்று பார்க்கப் புகுந்தால், செடியில் தொடங்கி மலேரியாவில் போய் நிற்கிறோம்.

முதலில் பருவத்தைப் பார்த்துவிடலாம். நம் ஐப்பசி, கார்த்திகை போலவே ரோமிலும் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம். ஆனால் மழை பெய்து மண் நனைந்ததும் பின்னாலேயே குளிர் வந்துவிடும். ஜூலை மாதமோ காய்ந்து கிடக்கும். ஆக, மண்ணில் ஈரமும் இருந்து, வெயிலும் இதமாக இருக்கிற காலம் மார்ச் முதல் மே வரைதான். வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ரோமில் டிசம்பரில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் பகல், ஜூனில் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். செடிகளுக்கு இதைவிடத் தெளிவான கடிகாரம் வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கடிகாரத்தில் ஒரு சிக்கல். மார்ச் மாதப் பகலும் செப்டம்பர் மாதப் பகலும் ஒரே நீளம். இலையுதிர்காலத்தை வசந்தம் என்று நினைத்து ஒரு செடி பூத்துவிட்டால், வரப்போகும் குளிரில் பூவும் விதையும் வீணாகிவிடும். அதனால் இப்பகுதிச் செடிகள் பலவும் குளிர் வந்து போனதை உறுதிசெய்துகொண்ட பிறகே பூக்க எழும். நம் பள்ளிப் பாடநூல்களில் இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்று அதில் இருக்கிறது. வாரக்கணக்கில் குளிர் நீடிக்கும்போது, அந்த மரபணு இருக்கும் இடத்தில் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் புரதங்களில் சிறுசிறு வேதி முத்திரைகள் விழுந்து அது பூட்டிக்கொள்கிறது. செல் பிரிந்து புது செல் உருவானாலும் முத்திரை கூடவே போகும். மூளையே இல்லாத செடி பனிக்காலத்தை நினைவில் வைத்துக்கொள்வது இப்படித்தான். எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம்.

ஆர்டிசோக்கும் குளிர் பட்ட பிறகே மொட்டு விடும். ஜிப்பெரலின் என்ற தாவர ஹார்மோனைத் தெளித்துக் குளிருக்குப் பதிலாகச் செடியை ஏமாற்றி, சீக்கிரமே மொட்டு எடுப்பவர்களும் உண்டு. ஆனால் ரோமானெஸ்கோ என்கிற, முள்ளில்லாத, பெரிய உருண்டை வகை பொறுமையாக வசந்தத்தில்தான் வரும். செடியின் உச்சியில் வரும் முதல் மொட்டுக்குச் சிமாரோலோ என்று தனிப் பெயர், தனி விலை. ரோமுக்கு வடமேற்கே கடலோரத்தில் இருக்கும் லாதிஸ்போலியிலும், தெற்கே மலைமேல் இருக்கும் செட்ஸேயிலும் ஏப்ரலில் ஆர்டிசோக்குக்கென்றே திருவிழா நடக்கும்.

ஆர்டிசோக் சூரியகாந்தி, சாமந்திக் குடும்பம். நாம் சாப்பிடுவது விரியாத பூங்கொத்தின் மடல்களின் அடிச்சதையையும், அவற்றைத் தாங்கும் பூத்தளத்தையும். செடி தன் இனப்பெருக்கத்துக்காக வைத்திருக்கும் முதலீடு முழுவதும் அங்கே இருக்கிறது. ஆடு மாடோ புழுவோ அதைத் தின்றுவிட்டால் அந்த ஆண்டு விதை இல்லை. காவலுக்குத்தான் அதில் கசப்பான பொருள்களும் பீனால் சேர்மங்களும் நிறைந்திருக்கின்றன. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து முள்ளை நீக்கிவிட்டார்கள். வேதிக் காவல் மட்டும் அப்படியே நிற்கிறது.

வாழைப்பூ ஆய்ந்த கை இதை உடனே புரிந்துகொள்ளும். நறுக்கிய வாழைப்பூ ஏன் கறுக்கிறதோ, அதே காரணத்தால்தான் ஆர்டிசோக்கும் கறுக்கிறது. முழுதாக இருக்கும் செல்லுக்குள் பீனால் ஓர் அறையிலும், அதைத் தாக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கும். கத்தி பட்டதும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, பழுப்பு நிறப் பொருள்கள் உருவாகின்றன. புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடும். நாம் வாழைப்பூவை மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம், ரோமில் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுகிறார்கள். வாளியில் மிதக்கும் மூடிகளின் வேலை இதுதான்.

அப்புறம், சாப்பிட்டவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விந்தை. ஆர்டிசோக்கைத் தின்றுவிட்டு வெறும் தண்ணீர் குடித்தால் சிலருக்குத் தண்ணீர் இனிக்கும். 1972இல் லிண்டா பார்ட்டோஷுக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை முறையாகச் சோதித்து, 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆர்டிசோக்கில் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவை சினாரின், குளோரோஜெனிக் அமிலம் என்ற இரண்டு பீனால்கள். இவை நாக்கிலுள்ள இனிப்பு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சற்று நேரம் அடக்கிவைக்கின்றன. ஒரு வாய் தண்ணீர் அவற்றைக் கழுவிவிட்டதும், விடுபட்ட ஏற்பிகள் எழுச்சியோடு மூளைக்கு 'இனிப்பு' என்று செய்தி அனுப்புகின்றன. இதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். திராட்சை மது பரிமாறுகிறவர்கள் ஆர்டிசோக்கைக் கண்டால் தயங்குவதும் இதனால்தான், பக்கத்தில் வைக்கும் எந்த மதுவின் சுவையும் மாறிப்போகும்.

புந்தரெல்லேயும் அதே சூரியகாந்திக் குடும்பம்தான். சிக்கரிச் செடி பூக்க எழும் நேரத்தில் நடுவிலிருந்து கிளம்பும் உள்ளீடற்ற இளந்தண்டுகள் இவை. ஒன்றை ஒடித்தால் பால் வடியும், அந்தப் பாலில்தான் கசப்பு இருக்கிறது. தண்டை நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். நேராக இருந்த கீற்று மெதுவாக வளையத் தொடங்கி, அரை மணி நேரத்துக்குள் மரச்சீவல் போல் சுருண்டுவிடும். உற்றுப் பார்த்தால், மேல்தோல் இருக்கும் பக்கம் எப்போதும் சுருளின் உட்புறத்திலேயே இருப்பது தெரியும்.

காரணம் இது. தண்டின் உள்சதை செல்கள் தண்ணீரை இழுத்து உப்பத் துடிப்பவை. வெளித்தோல் விறைப்பானது, இழுத்தால் நீளாது. முழுத் தண்டில் உள்சதை தள்ளுகிறது, தோல் இறுக்கிப் பிடிக்கிறது. ஓர் இளந்தண்டு நிமிர்ந்து நிற்பதே இந்த இழுபறியால்தான். நறுக்கியதும் பிடி தளர்கிறது. சவ்வூடு பரவலால் தண்ணீர் உள்ளே புக, சதைப்பக்கம் நீள்கிறது, தோல்பக்கம் நீளவில்லை, கீற்று தோலை உள்வைத்துச் சுருள்கிறது. இதற்கிடையே வெட்டுவாயிலிருந்து பால் கசிந்து தண்ணீரில் கலப்பதால் கசப்பும் குறையும். மிச்சக் கசப்பைப் பார்த்துக்கொள்ள நெத்திலிக் கருவாட்டின் உறவான உப்பிட்ட ஆஞ்சோவி மீனை, பூண்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் வினிகரோடும் இடித்துச் சேர்க்கிறார்கள். சோடியம் கசப்புணர்வை அமுக்கும் என்பதை 1990களில் சோதனைகள் காட்டின. ரோமின் சமையலறைகளுக்கு அது எப்போதோ தெரியும்.

இனி ஃபாவா. மே 1ஆம் தேதி ரோம்காரர்கள் குடும்பத்தோடு புறநகர் வயல்வெளிகளுக்குப் போய், புல்லில் துணி விரித்து உட்கார்ந்து, பச்சை ஃபாவாவை உரித்து, செம்மறி ஆட்டுப்பாலில் செய்த உப்புக் கரிக்கும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள். வேகவைப்பதில்லை. காய் முற்றினால் சர்க்கரை மாவாகிவிடும், தோலும் தடிக்கும் என்பதால் இதற்குச் சில வாரங்கள்தான் அவகாசம்.

அந்தச் சில வாரங்களில்தான் ஆபத்தும். ஃபாவாவில் வைசின், கன்வைசின் என்ற இரு பொருள்கள் உள்ளன. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் செடி வைத்திருப்பவை. இவை பிஞ்சு விதையில்தான் மிக அதிகம், முற்ற முற்றக் குறையும். நம் குடலில் இவை உடைந்து, வலுவாக ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள்களாக மாறி இரத்தத்துக்குள் போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிவப்பணுக்களுக்குள் குளூட்டாதயோன் என்ற காவலாள் இருந்து அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒவ்வொரு முறையும் செலவாகும் குளூட்டாதயோனைப் புதுப்பிக்க ஒரு நொதி வேண்டும். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்பது அதன் பெயர், மருத்துவர்கள் சுருக்கமாக ஜி6பிடி என்பார்கள். மற்ற செல்களுக்கு மாற்று வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான் வழி.

இந்த நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் பச்சை ஃபாவாவைத் தின்றால், ஓரிரு நாளில் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். உடல் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப் போகும். ஃபேவிசம் என்ற இந்த நோயில் உயிர் போவதும் உண்டு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இந்த நொதிக்குறைபாடு 1956இல் கண்டுபிடிக்கப்பட்டது அவரையால் அல்ல. மலேரியாவுக்குக் கொடுத்த பிரைமாகுவின் மாத்திரை சிலருக்கு மட்டும் இரத்தத்தை ஏன் உடைக்கிறது என்று அமெரிக்காவில் தேடியபோது கிடைத்த விடை அது. இன்றும் உலகெங்கும் பிரைமாகுவின் கொடுப்பதற்கு முன் இந்தக் குறைபாட்டைக் கருத்தில் கொள்கிறார்கள்.

உலகில் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு கெடுதலான மரபணு ஏன் அழியாமல் நிலைத்தது? 1960களின் தொடக்கத்தில் இத்தாலியின் சார்தீனியத் தீவுக் கிராமங்களில் பார்த்தபோது ஒரு விடை தெரிந்தது. மலேரியா வாட்டிய தாழ்நிலக் கிராமங்களில் இந்தக் குறைபாடு அதிகம், மலையில் உயரத்தில் இருந்த கிராமங்களில் குறைவு. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருந்து ஹீமோகுளோபினைத் தின்னும்போது அதுவே ஆக்சிஜனேற்ற நெருக்கடியை உண்டாக்குகிறது. காவல் குறைந்த சிவப்பணு அதைத் தாங்காமல் சீக்கிரம் சிதைந்து, ஒட்டுண்ணி பெருகுமுன் உடலால் அகற்றப்படுகிறது. ஃபாவாவிடம் தோற்கும் இரத்தம் மலேரியாவிடமிருந்து தப்பித்திருக்கிறது.

இந்தக் கதையை நேரில் பார்க்க வேண்டுமானால், செட்ஸேயிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் நின்ஃபா தோட்டத்துக்குப் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே இடிந்த கோபுரங்கள்மேல் ரோஜாக் கொடிகள் படர்ந்திருக்கும், பழைய கல் பாலத்தில் விஸ்டீரியா சரஞ்சரமாகத் தொங்கும். கீழே தெளிந்த ஊற்று நீர் ஓடும். ஒரு காலத்தில் அது ஏழெட்டுத் தேவாலயங்கள் கொண்ட நகரம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் போரில் சூறையாடப்பட்டது. மக்கள் திரும்பி வந்து குடியேற மலேரியா விடவில்லை. முன்னால் விரிந்து கிடந்த போன்டைன் சதுப்பு நிலத்தில் மலையிலிருந்து இறங்கிய நீர் கடலோர மணல்மேடுகளைத் தாண்ட முடியாமல் தேங்கி, அனோஃபிலிஸ் கொசுக்களை வளர்த்தது. கெட்ட காற்று என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களே மலேரியா என்று ஆகின. மனிதருக்கு மலேரியாவைக் கொண்டுவருவது காற்றல்ல, இந்தக் கொசுதான் என்று 1898இல் ரோமில் நிறுவியவர் ஜொவான்னி பத்திஸ்தா கிராஸ்ஸி. நின்ஃபாவில் 1920களில், அந்த நிலத்துக்குச் சொந்தமான குடும்பத்தைச் சேர்ந்த ஜெலாசியோ காயெத்தானி தோட்டத்தைத் தொடங்கினார், 1930களில் சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது. 1970இல் இத்தாலி மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. அன்றைய மரபணுவோ இன்னும் மக்களின் இரத்தத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்நாட்டில் சில உணவகங்களின் வாசலில் 'இங்கே பச்சை ஃபாவா உண்டு' என்று எச்சரிக்கை தொங்குகிறது.

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏற ஆர்டிசோக் பருவம் முடியும், ஃபாவாவும் பட்டாணியும் தொடங்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கவிந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் மட்டும் ரோமில் வின்யரோலா என்ற கூட்டு வைப்பார்கள். வெங்காயத்தாளை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, நார் அதிகமான ஆர்டிசோக்கை முதலில் போட்டு, அது பாதி வெந்ததும் ஃபாவாவையும் பட்டாணியையும் சேர்த்து, கடைசியாக லெட்யூஸ் இலையைக் கிழித்துப் போட்டு மூடுகிறார்கள். காய்களின் அமிலம் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றுவதால் நிறம் மங்கி ஆலிவ் பச்சையாகும், யாரும் கவலைப்படுவதில்லை. அந்த நேரத்தில் வயலில் பறிக்காமல் விட்ட மொட்டுகள் முற்றி, மடல் விரிந்து, உள்ளிருந்து கத்தரிப்பூ நிறத்தில் பூக்கத் தொடங்கியிருக்கும்.