கண்ணாடி ட்றேயைக் கம்பியால் தேய்க்காதீர்கள்

உப்புவெளியில் வீட்டோடு கேக் வகுப்பு நடத்துகிறேன். போன மாதம் ஒரு பிள்ளை கண்ணாடி ட்றே ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். கட்டாரில் இருக்கும் அண்ணன் பார்சலில் அனுப்பியதாம். "ரீச்சர், எவ்வளவு தேய்ச்சும் மூலையில இருக்கிற கறை போகுதில்லை."

யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கைபிடிக்குக் கீழே தேன் நிறக் கறை அப்படியே இருந்தது. அதைச் சுற்றி, தலைமயிர் போல மெல்லிய கோடுகள். கம்பித் தும்பு கீறியவை. கறையால் ஒரு ஆபத்தும் இல்லை. அந்தக் கோடுகள்தான் எனக்குப் பயம்.

கறை என்பது பெரும்பாலும் கருகிய மா அல்ல. ட்றேயில் பூசிய எண்ணெய் சூட்டில் பிணைந்து வார்னிஷ் போல இறுகிவிடுகிறது. அதனால்தான் சவர்க்காரத்துக்கு அசைவதில்லை. சீனிப்பாகு என்றால் சுடுதண்ணீரிலேயே கரைந்துவிடும். எண்ணெய்ப் படலத்துக்குக் காரம் வேண்டும், அதைவிட நேரம் வேண்டும்.

ட்றே நன்றாக ஆறட்டும். அப்பச்சோடாவில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டுக் குழைத்துக் கறையில் தடிப்பாக அப்புங்கள். மேலே ஈரத்துணி, அதற்கு மேல் பொலித்தீன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற நாட்களில் பசை சீக்கிரமே காய்ந்து தூளாகிவிடும், காய்ந்த பசை ஒன்றும் செய்யாது. ஒரு இரவு ஊறிய பிறகு ஸ்பொஞ்சால் துடையுங்கள். விளிம்புகளுக்குப் பழைய வங்கி அட்டையின் ஓரம் போதும். மிச்சம் இருந்தால் இன்னொரு இரவு. அதற்கும் அசையாவிட்டால் சலவைச் சோடா, கையுறையோடு. அலுமினியம் ட்றேயில் அதைப் போடாதீர்கள், கறுத்துவிடும்.

அப்பச்சோடாவோடு வினாகிரி ஊற்றினால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் மிஞ்சுவது ஏதோ ஒரு உப்புத் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவுக்கு வினாகிரியையோ தேசிக்காயையோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் வெளுப்புத் திரவத்தோடு இவை இரண்டும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய குசினியில் அது நெஞ்சைப் பிடித்துவிடும்.

சரி, அந்தக் கோடுகளுக்கு வருவோம். கண்ணாடி பெரும்பாலும் கீறல் உள்ள இடத்திலிருந்துதான் உடையத் தொடங்கும். 1915இல் பைரெக்ஸ் என்று சந்தைக்கு வந்தது, சூட்டில் குறைவாக விரியும் போரோசிலிக்கேட் கண்ணாடி. இன்று கடைகளில் கிடைக்கும் பல ட்றேக்கள் பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. சூட்டில் இது போரோசிலிக்கேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். கீறல் விழுந்த ட்றேயை ஓவனிலிருந்து எடுத்த கையோடு ஈரமான சீமெந்துத் திண்ணையில் வைத்தால், சூடான துண்டுகள் குசினி முழுக்கச் சிதறலாம். கீறாத ட்றேயைக்கூட அப்படி வைக்கக்கூடாது. மரப்பலகையோ மடித்த உலர்ந்த துணியோ போடுங்கள்.

வந்த பிள்ளையின் விரலைப் பிடித்து நகத்தைக் கோடுகளின் மேல் ஓடவிட்டேன். இரண்டு இடத்தில் நகம் தடக்கியது. "அண்ணா அனுப்பினது ரீச்சர்" என்றாள். எறியச் சொல்லவில்லை. இனி ஓவனுக்குள் வைக்காதே என்று மட்டும் சொன்னேன். இப்போது அதில் மாம்பழம் அடுக்கி வைத்திருக்கிறாள்.